உறைபனி வேடிக்கைப் பொருள் இல்லை

டிசம்பர் வந்தால் போதும். "ஊட்டியில் வெள்ளைக் கம்பளம் விரித்தாற்போல் உறைபனி, சுற்றுலாப் பயணிகள் குதூகலம்" என்று செய்தி போட்டுவிடுகிறார்கள். அந்தக் கம்பளத்துக்கு அடியில என்ன இருக்குன்னு யாராவது குனிஞ்சு பார்த்தீங்களா? எங்க வீட்டுத் தோட்டத்து பீன்ஸ் இருக்கு, உருளைச் செடி இருக்கு.

மலைத் தோட்டத்துக்கு ஆடிப்பட்டக் கணக்கு சரிவராது. ஏப்ரல், மே மாதம் கார்போகம், உருளை நடுவோம். ஜூன், ஜூலையில் தென்மேற்கு மழையும் மூடுபனியும். இலை காயவே காயாது, கருகல் நோய் வந்து நிற்கும். ஆகஸ்டில் கடைபோகம். அதையும் தாண்டினால் டிசம்பர், ஜனவரி. வானம் தெளிஞ்சு காத்து நின்ன ராத்திரின்னா வயித்துல புளியைக் கரைக்கும். குளிர்ந்த காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். காலையில் வெயில் பட்டதும், உறைந்த இலை வெந்நீர் ஊத்தின மாதிரி துவண்டு கருகிவிடும். முட்டைக்கோஸ் ஓரளவு தாங்கும், பீன்ஸ் தாங்காது.

அதனால்தான் ராத்திரி சாக்கும் காய்ந்த புல்லும் போட்டு மூடுகிறோம். வெயில் ஏறுவதற்குள் விறைத்த கையோடு தண்ணி தெளிக்கிறோம்.

பனி பார்க்க வராதீங்கன்னு சொல்லல. தாராளமா வாங்க. ஆனால் ஒரு கேள்வி: டெல்டாவில் பயிர் மூழ்கினால் சேதம், மலையில் பயிர் கருகினால் மட்டும் ரம்மியமா?

அடுத்த முறை எழுதுமுன் அந்தக் கம்பளத்தைக் கொஞ்சம் தூக்கிப் பாருங்க.