ஒரே குறியீட்டுள் ஒடுங்கும் கண்கள்

நோய்க்குறியீட்டை எழுத்தர் வேலையென ஒதுக்குவோர் சற்றுச் சிந்திப்பார்களாக. 1990இல் ஏற்கப்பட்ட சர்வதேச நோய் வகைப்பாட்டின் பத்தாம் திருத்தத்தில் குறும்பார்வையின் குறியீடு எச் 52.1 ஆகும். 6 டயொப்டரையும் அதற்கு மேற்பட்டதையும் கடுங்குறும்பார்வை எனக் கண் மருத்துவம் வேறுபடுத்துகிறது. குறியீடோ 1 டயொப்டரையும் 12 டயொப்டரையும் ஒன்றாகவே கொள்கிறது! விழித்திரை சிதைந்த பின்னரே எச் 44.2 என்ற தனியிடம் கிடைக்கிறது. இவ்வகைப்பாட்டை விரித்தமைத்த ஐக்கிய அமெரிக்கா வலக்கண்ணா இடக்கண்ணா என வினவியது. எத்தனை டயொப்டர் என வினவவில்லை. கண்ணாடி மாற்ற வந்தவரையும் பார்வையிழக்கும் அபாயத்தில் நிற்பவரையும் ஒன்றாக எண்ணும் புள்ளிவிபரம் யாருக்குப் பயன்படும்? குறியீட்டைக் காரணங்காட்டி மருத்துவர் வாளாவிருத்தல் தகாது. டயொப்டர் அளவு, விழியச்சின் நீளம், விழித்திரையின் நிலை ஆகிய மூன்றும் நோயாளியின் பதிவேட்டில் இடம்பெறல் வேண்டும். எழுதப்படாத கடுமை எண்ணப்படுவதில்லை. எண்ணப்படாததற்கு எவரும் நிதி ஒதுக்குவதுமில்லை.