சைவச் சாப்பாடுன்னா இனிப்புநீர் வராதா?

ஆலயச் சமையல்கட்டில் தொண்டு செய்யும் எங்கள் சார்பில் ஒரு விஷயம். கொஞ்சம் நீளம்தான், முழுசா படிங்க.

"கோயில் சாப்பாடு சைவம்தானே, ஒன்னும் செய்யாது"ன்னு பலர் சொல்றாங்க. நாங்க இதை ஒத்துக்க மாட்டோம். இலையில என்ன இருக்குன்னு பாருங்க. குவியலா வெள்ளைச் சோறு, உருளைக்கிழங்குப் பிரட்டல், அப்பளம், வடை, பாயாசம், கூடவே ரோஸ் சிராப் தண்ணி. இறைச்சி இல்லைதான். ஆனா பெரும்பகுதி மாவும் சீனியும் எண்ணெயும்.

தேவைக்கு மேல் போகும் மாவையும் சீனியையும் கல்லீரல் கொழுப்பாக மாற்றுகிறது. அது வயிற்றுக்குள், குடலையும் கல்லீரலையும் சுற்றிச் சேர்கிறது. அந்தக் கொழுப்பு சும்மா கிடக்காது. அழற்சியை உண்டாக்கும் பொருள்களை ரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். காய்ச்சலும் தெரியாது, வலியும் தெரியாது. ஆனால் இன்சுலின் சரியாக வேலை செய்ய முடியாமல் போகும், ரத்தத்தில் சீனி ஏறும்.

"நான் ஒல்லிதானே"ன்னு நினைக்காதீங்க. நம்ம இனத்தவருக்கு கை கால் மெலிஞ்சிருந்தாலும் வயிற்றில் கொழுப்பு சேரும். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினாலே கவனம் வேணும். 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்புநீர். இந்தியர்களில் மட்டும் 31.4 விழுக்காடு. பந்தியில் உட்காரும் மூவரில் ஏறக்குறைய ஒருவர்!

நல்ல செய்தியும் உண்டு. பிரிட்டனில் 2017-இல் வெளிவந்த 'டைரக்ட்' ஆய்வில், உணவைக் கடுமையாகக் குறைத்து எடை இறக்கியவர்களில் 46 விழுக்காட்டினருக்கு ஒரே வருடத்தில் மருந்து இல்லாமலே சீனி அளவு இறங்கியது. நோய் வந்து ஆறு வருடத்துக்குள் இருந்தவர்கள் அவர்கள்.

அதனால எங்க கருத்து இதுதான்: அன்னதானத்துல சோறு ஒரு கரண்டி குறையட்டும். பருப்பு, கொண்டைக்கடலை, கீரை, காய்கறி கூடட்டும். சிராப்புக்குப் பதிலா மோர் அல்லது வெறும் தண்ணி. ஒருமுறை பொரிச்ச எண்ணெயில மறுபடி பொரிக்க வேணாம்.

"சாமி பிரசாதத்துல கை வைக்கலாமா?"ன்னு கேக்கறவங்களுக்கு ஒரு வார்த்தை. சர்க்கரைப் பொங்கல் நைவேத்தியம் அப்படியே இருக்கும். உள்ளங்கை அளவு வாங்கினாலும் அருள் முழுசாத்தான் கிடைக்கும். தட்டு நிறைய வேணும்னு எந்தச் சாமியும் கேக்கல.

இன்சுலின் போடுறவங்க, மாத்திரை சாப்பிடுறவங்க திடீர்னு சோற்றை நிறுத்தாதீங்க, சீனி ரொம்ப இறங்கிடும். கிளினிக்கில் டாக்டரிடம் பேசிட்டுச் செய்யுங்க.

உபயம் எடுக்கும் குடும்பங்களே, இனிப்பு இல்லேன்னா கௌரவக் குறைச்சல்னு நினைக்க வேணாம். அடுத்த உபயத்துக்கு ஒரு இனிப்பைக் குறைச்சு, ஒரு காய்கறியைச் சேர்க்கச் சொல்லுங்க. சமைக்க நாங்க தயார்.