பத்தாயிரமும் ஒரு வெள்ளைத் தாளும்

‘ரோட்டுல போனவன் அடிபட்டான், அவன் விதி.’ ஊரும் சேரியும் ஒரே குரலில் சொல்கிற வாக்கியம் இது ஒன்றுதான். ஊர்க்காரன் சொல்வதில் லாபம் இருக்கிறது. சேரிக்காரனுக்கு இதில் என்ன கிடைக்கிறது? செல்போனில் பேசிக்கொண்டே காரை ஓட்டியது விதியா? சேரியை இந்தப் பக்கமும் வயலை அந்தப் பக்கமும் விட்டுவிட்டு நடுவில் நான்குவழிச் சாலை போட்டு, கடக்க ஒரு பாலம்கூடக் கட்டாமல் போனது யாருடைய விதி?

தமிழ் எம்.ஏ. வகுப்பில் சிலப்பதிகாரத்தை ஊழ்வினையின் காப்பியம் என்று நடத்தினார்கள். நடத்தியவர்கள் ஒன்றைச் சொல்லவில்லை. கண்ணகி விதியென்று வீட்டில் உட்காரவில்லை. சாட்சியப் பொருளைக் கையில் எடுத்துக்கொண்டு அரண்மனை வாசலுக்கு வழக்குரைக்கப் போனாள். சேரிக்கு இன்று தேவைப்படுவது அந்தக் காரியம்தான். விதி பேசுவதை விட்டுவிட்டு, சாட்சியத்தோடு வாசலுக்குப் போவது.

பத்து வருஷத்துக்கு மேலாக விபத்து வழக்குகளுக்காக ஆஸ்பத்திரிக்கும் ஸ்டேஷனுக்கும் கோர்ட்டுக்கும் அலைந்து பார்த்ததில், முதல் தீர்ப்பு எங்கே எழுதப்படுகிறது என்று எனக்குத் தெரியும். அது கோர்ட்டில் எழுதப்படுவதில்லை. அரசு ஆஸ்பத்திரி வராண்டாவில் எழுதப்படுகிறது. கால் முறிந்து கிடக்கிறவன் கட்டிலுக்குப் பக்கத்தில் கார்க்காரர் வந்து நிற்பார். கூடவே ஊர்ப் பெரியவர் ஒருவர், கட்சிக்காரர் ஒருவர். ‘ஏதோ நடந்தது நடந்துபோச்சு. ஆஸ்பத்திரிச் செலவ நாங்க பாத்துக்கறோம். கையில ஒரு பத்தாயிரம் வச்சுக்க. கேசு கீசுன்னு போனீன்னா, நாளைக்கு எங்க நெலத்துலதான காலு வைக்கணும்?’ முறிந்த காலைப் பார்த்துக்கொண்டே இதைச் சொல்வார்கள். பிறகு ஒரு வெள்ளைத் தாள் வரும். கீழே கைநாட்டு. மேலே என்ன எழுதுவார்கள் என்பது அப்புறம்தான் தெரியும். மோதியதே வேறு வண்டி என்றும், குடித்துவிட்டுத் தானாக விழுந்தான் என்றும் அந்தத் தாள் ஒருநாள் பேசும்.

இந்தப் பேரத்தைக் கொஞ்சம் நின்று யோசிக்கவேண்டும். மூன்றாம் நபர் இன்சூரன்ஸ் இல்லாமல் எந்த வண்டியும் ரோட்டுக்கு வரக்கூடாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 146ஆம் பிரிவு. வண்டிக்கு இன்சூரன்ஸும் டிரைவருக்கு லைசென்ஸும் ஒழுங்காக இருந்தால், தீர்ப்பாயம் எவ்வளவு போட்டாலும் கட்டப்போவது கம்பெனிதான். இன்சூரன்ஸ் இல்லாதவன் பேரம் பேசினால் காரணம் புரிகிறது, சொத்து போகும். எல்லாம் சரியாக வைத்திருக்கிறவனும் ஏன் ஆள் சேர்த்துக்கொண்டு வருகிறான்?

காரணம் பணம் இல்லை தோழர்களே. வழக்கு என்று போனால் அந்தக் காகிதத்தில் சேரிக்காரன் பெயருக்கு எதிரே ‘மனுதாரர்’ என்று இருக்கும். நிலக்காரன் பெயருக்கு எதிரே ‘எதிர்மனுதாரர் 1’ என்று இருக்கும். இரண்டு பெயரையும் ஒரே டவாலி ஒரே குரலில் கூப்பிடுவார். தெருவில் செருப்போடு நடக்கவிடாதவன், நம் ஆள் கேட்கிற கேள்விக்குப் பதில் சொல்லக் கூண்டில் ஏறவேண்டும். இந்தச் சமத்துவத்தைத் தடுக்கக் கொடுக்கிற விலைதான் பத்தாயிரம். அவர்கள் அதைத் ‘தருமம்’ என்கிறார்கள். வாங்குகிறவனும் கும்பிட்டு வாங்குகிறான். இழப்பீடு என்ற சொல்லுக்கும் தருமம் என்ற சொல்லுக்கும் நடுவில் கிடப்பது சாதி.

சட்டத்தை மட்டும் புனிதமாக்கவேண்டாம். அதுவும் உடம்புக்கு விலை வைக்கிற தராசுதான். 1994இல் கொண்டுவந்த இரண்டாம் அட்டவணையில், வருமானம் இல்லாதவருக்கு ஆண்டுக்கு 15,000 ரூபாய் என்று மதிப்புப் போட்டார்கள். 2018 வரை விலைவாசி எங்கெங்கோ போனது. அந்த 15,000 அசையவில்லை. மாதச் சம்பளக்காரன் சம்பளச் சீட்டைக் காட்டுகிறான். நடவு நட்டவளுக்கு, செங்கல் அறுத்தவனுக்கு, மூட்டை தூக்கியவனுக்கு எந்த முதலாளி சீட்டுக் கொடுத்தான்? உழைப்பு முழுவதும் நம்முடையது, அதற்கான காகிதம் மட்டும் நம்மிடம் இல்லை. அதனால் ‘வருமானம் நிரூபிக்கப்படவில்லை’ என்று ஒரு வரி எழுதி வாழ்நாள் உழைப்பைப் பாதியாக்கிவிடுகிறார்கள்.

இதை எதிர்த்துப் போராடி வாங்கிய தீர்ப்புகளும் உண்டு. 2004இல் அடிபட்ட பெங்களூர்க் கூலித் தொழிலாளி ஒருவர் மாதம் 4,500 ரூபாய் சம்பாதித்தேன் என்றார். தீர்ப்பாயம் 3,000 என்று வெட்டியது. ராமச்சந்திரப்பா வழக்கில் 2011இல் உச்ச நீதிமன்றம் அவர் சொன்ன 4,500ஐயே ஏற்றது. கூலிக்காரனிடம் ரசீது கேட்காதே என்பதுதான் அதன் சாரம். 2014இல் சையத் சாதிக் வழக்கில், கால் போன காய்கறி வியாபாரிக்கும் ஆவணம் இல்லாமலேயே மாதம் 6,500 ரூபாய் வருமானம் கணக்கிட்டது. வீட்டுவேலை செய்யும் பெண்ணின் உழைப்பு வருமானமாகக் கணக்கிடப்பட வேண்டும் என்று 2021இல் கீர்த்தி வழக்கில் சொன்னது. நம் பெண்கள் கூலியும் செய்கிறார்கள், வீட்டையும் சுமக்கிறார்கள். இரண்டையும் மனுவில் எழுதச் சொல்லுங்கள்.

எல்லாவற்றிலும் முக்கியமானது 2010இன் ராஜ்குமார் வழக்கு. டாக்டர் எழுதுகிற ஊன சதவீதம் வேறு, பிழைப்பு போன சதவீதம் வேறு என்று அது பிரித்தது. கை போனால் டாக்டர் 60 சதவீதம் என்று எழுதலாம். மேசையில் எழுதுகிறவனுக்கு வேலை மிச்சமிருக்கும். தச்சனுக்கும் டிரைவருக்கும் கிட்டத்தட்ட நூறும் போய்விடும். உடம்பையே முதலாக வைத்துப் பிழைக்கிற நம் சனங்களுக்காகவே எழுதியதுபோல இருக்கிற இந்தத் தீர்ப்பைப் பல வழக்கில் யாரும் எடுத்து நீட்டுவதே இல்லை.

ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 32 வயதுக் கூலித் தொழிலாளி, மாதம் 12,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 வயதுக்குக் கீழே உள்ள சுயதொழிலாளிக்கு எதிர்கால வருமான உயர்வாக 40 சதவீதம் சேர்க்கச் சொன்னது 2017இன் பிரணய் சேத்தி தீர்ப்பு. 16,800 ஆகிறது. ஆண்டுக்கு 2,01,600. 2009இன் சரளா வர்மா தீர்ப்புப்படி இந்த வயதுக்குப் பெருக்கும் எண் 16. மொத்தம் 32,25,600 ரூபாய். டாக்டர் எழுதிய 40 சதவீதத்தோடு நின்றுவிட்டால் இது 12,90,240 ஆகச் சுருங்கும். மருத்துவச் செலவு, வலி வேதனை, கூட இருந்து பார்த்தவர் செலவு எல்லாம் இதற்கு மேல். இப்போது வராண்டாவில் நீட்டிய பத்தாயிரத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அடிபட்டவுடன் என்ன செய்வது என்று ஒவ்வொரு சேரியிலும் நாலு பேருக்காவது மனப்பாடமாகத் தெரியவேண்டும்.

ஆஸ்பத்திரியில் சேர்த்ததும் டியூட்டி டாக்டர் விபத்துப் பதிவேட்டில் எழுதுவார். ஏ.ஆர். என்பது அதுதான். மோதியவனே தூக்கிவந்து சேர்த்து, ‘பைக்குல ஸ்லிப்பாயி விழுந்துட்டாரு’ என்று சொல்லிவிட்டுப் போவது உண்டு. பல வழக்கைக் கொன்றது அந்த ஒரு வரி. எந்த வண்டி, என்ன நம்பர், எந்த இடம் என்று நம் ஆள் வாயால் சொல்லி எழுதவையுங்கள். குடிவாடை என்று எழுதினால் ரத்தம் எடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். சேரிக்காரன் என்றாலே குடிகாரன் என்பது மருத்துவமல்ல. பணம் கட்டினால்தான் பார்ப்போம் என்று தனியார் ஆஸ்பத்திரி விரட்டினால், 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டம் இருக்கிறது. அதில் சேர்ந்த ஆஸ்பத்திரிகளில் 7 நாள் வரை, ஒன்றரை லட்சம் வரை, பணமில்லாமல் சிகிச்சை.

அடுத்தது எப்.ஐ.ஆர். 2024 ஜூலை முதல் புதிய சட்டம். வேகமாக ஓட்டியதற்கு நியாய சன்ஹிதா 281, காயத்துக்கு 125, சாவுக்கு 106. புகார் கொடுத்தவருக்கு நகலை இலவசமாகத் தரவேண்டும். ‘சி.எஸ்.ஆர். போட்டுத் தரேன், போய்ட்டு அப்புறம் வா’ என்றால் போகாதீர்கள். வாங்க மறுத்தால் எஸ்.பி.க்குப் பதிவுத் தபால். அதற்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் மனு. போலீஸ் 3 மாதத்துக்குள் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பவேண்டும் என்கிறது 159ஆம் பிரிவு. அந்த அறிக்கையையே இழப்பீட்டு மனுவாக எடுத்துக்கொள்ளச் சொல்கிறது 166(4). அனுப்பினார்களா என்று கேட்க ஆளில்லாததால்தான் அது ஸ்டேஷனிலேயே தூங்குகிறது.

மனுவை விபத்து நடந்த ஊரில்தான் போடவேண்டும் என்பதில்லை. நீங்கள் குடியிருக்கிற இடத்துத் தீர்ப்பாயத்திலேயே போடலாம். ஆனால் கெடு 6 மாதம். 1994இல் பிடுங்கி எறிந்த இந்தக் கெடுவை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் மறுபடி நட்டது. 2022 ஏப்ரல் முதல் நடைமுறை. ஆறு மாதம் முழுக்கக் கட்டிலில் கிடக்கிறவனுக்கு இது என்ன நீதி? இதை எதிர்த்த வழக்கில், காலம் கடந்ததென்று மனுக்களைத் தள்ளாதீர்கள் என உச்ச நீதிமன்றம் 2025 நவம்பரில் இடைக்கால உத்தரவு போட்டது. அதை நம்பி உட்காரவேண்டாம். இடைக்கால உத்தரவு எந்த நாளிலும் மாறலாம்.

இன்னொரு பொறி 164ஆம் பிரிவு. யார் தவறு என்று நிரூபிக்காமலேயே சாவுக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு இரண்டரை லட்சம். அவசரத்துக்கு நல்லதுதான். ஆனால் அந்தப் பணத்தை ஏற்றுக்கொண்டால் 166இல் போட்ட மனு செத்துப்போகும். கணக்குப் போடாமல் கையெழுத்துப் போடாதீர்கள். லோக் அதாலத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். அங்கே ஒத்துக்கொண்டால் அதன்மேல் அப்பீல் கிடையாது. மோதிய வண்டி எதுவென்றே தெரியாவிட்டாலும் வழி இருக்கிறது. 161ஆம் பிரிவில் சாவுக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000. அதைக் கேட்டு வாங்குகிறவர்கள்தான் குறைவு.

வக்கீல் விஷயத்தையும் மூடி மறைக்காமல் பேசவேண்டும். ஆஸ்பத்திரி வாசலில் புரோக்கர் நிற்கிறான். ‘வர்றதுல மூணுல ஒண்ணு’ என்று பேசி வெற்று வக்காலத்தில் கைநாட்டு வாங்குகிறான். வழக்கின் முடிவை வைத்துப் பங்கு பேசக்கூடாது என்பது பார் கவுன்சிலின் சொந்த விதி. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவுப்படி, பட்டியல் சாதியார், பழங்குடியினர், பெண்கள் எல்லோருக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. அலுவலகம் கோர்ட் வளாகத்திலேயே இருக்கிறது. அங்கே போய் நிற்பதற்கு வெட்கப்படவேண்டியதில்லை.

இவ்வளவும் தெரிந்தாலும் ஒரு பெரிய ஓட்டை அடைபடாமலே இருக்கிறது. விடிகாலையில் நம் பெண்களை நடவுக்கும் களைக்கும் எதில் ஏற்றிப்போகிறார்கள்? லோடு வண்டியில், டிராக்டர் டிரெய்லரில். அது கவிழ்ந்தால்? சரக்கு வண்டியில் சும்மா ஏறிவந்த பயணிக்கு இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பல்ல என்று 2002இல் ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சரக்கின் சொந்தக்காரன் கூட வந்தால் அவனுக்குக் காப்பு உண்டு. கத்திரிக்காய் மூட்டையோடு வந்தவனுக்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது, அந்தக் கத்திரிக்காயைப் பறித்தவளுக்கு இல்லை. அவள் விருப்பப்பட்டா லோடு வண்டியில் ஏறினாள்? பஸ் வராத சேரி, ஆறு மணிக்கு வயலில் நிற்கவேண்டிய கூலி, வண்டியை அனுப்புகிறவன் நிலக்காரன். கம்பெனி முதலில் கட்டிவிட்டு உரிமையாளனிடம் வசூலித்துக்கொள்ளட்டும் என்று சில வழக்குகளில் நீதிபதிகள் உத்தரவிடுகிறார்கள். அது நீதிபதியின் மனசைப் பொறுத்தது. நாம் கேட்கவேண்டியது சட்டத்திருத்தம். கூலிவேலைக்கு ஏற்றிச்செல்லும் எந்த வண்டியிலும் தொழிலாளிக்குக் காப்பு கட்டாயம் என்று எழுதவேண்டும். ஆதிக்க சாதியாரின் சங்கங்கள் இதைக் கேட்கப்போவதில்லை.

நம் இயக்கங்களையும் கேட்கிறேன். பிணத்தைப் போட்டு மறியல் செய்யத் தெரிகிறது. அதிகாரி வந்து, முதலமைச்சர் நிவாரணம் அறிவித்ததும் கொடியைச் சுருட்டிக்கொண்டு போய்விடுகிறோம். அறிவிப்புப் பத்திரிகையில் வரும், படமும் வரும். ஆறு மாதம் கழித்து அந்த வீட்டுக்கு யார் போனது? மனு போட்டார்களா, எம்.வி.ஐ. ரிப்போர்ட் வாங்கினார்களா, ஊனச் சான்றிதழ் வந்ததா என்று யார் கேட்டது? நிவாரணம் அரசு இரங்கிக் கொடுப்பது; இழப்பீடு நாம் வழக்காடி வாங்குவது. ஒன்றை வாங்கிக்கொண்டதால் மற்றது இல்லாமல் போகாது. தீர்ப்பு வந்த பிறகும் வேலை முடிவதில்லை. அரசுப் போக்குவரத்துக் கழகம் பணம் கட்டாமல் இழுத்தடித்து, பஸ்ஸை ஜப்தி செய்து பஸ் ஸ்டாண்டிலிருந்து ஓட்டிவருகிற செய்தியை நாம் அடிக்கடி படிக்கிறோம். அதுவரைக்கும் விடாமல் போனவர்களுக்குத்தான் பணம் கிடைத்தது.

அம்பேத்கர் படிப்பகம் இல்லாத சேரி இன்று குறைவு. அந்த அலமாரியில் ஒரு பைல் வையுங்கள். புகார் மாதிரி, எஸ்.பி. மனு மாதிரி, சட்டப் பணிகள் குழுவின் விலாசம், மேலே சொன்ன தீர்ப்புகளின் நகல். வேலைக்குப் போகிறவர்கள் பெயர், நாள், கூலி மூன்றையும் எழுத ஒரு நோட்டுப் போடுங்கள். ரசீது தராத முதலாளிக்கு எதிராக நாளைக்கு அந்த நோட்டு சாட்சி சொல்லும். பத்தாம் வகுப்புப் படித்த ஒரு பெண்ணிடமும் ஒரு பையனிடமும் பொறுப்பைக் கொடுங்கள். அடுத்தமுறை வராண்டாவுக்கு வெள்ளைத் தாளோடு வருகிறவர்கள், கட்டிலுக்குப் பக்கத்தில் எப்.ஐ.ஆர். நகலோடு உட்கார்ந்திருக்கிற அந்தப் பெண்ணிடம்தான் முதலில் பேசவேண்டியிருக்கும்.