சும்மா கிடக்கும் கிளவுட் சர்வர்: கரண்ட் மிச்சமாவது யார் கையில்?

எலுமிச்சைக்குப் பேர்போன புளியங்குடியில் ஒரு கமிஷன் கடை, தன் கணக்குகளை வாடகை கிளவுட் சர்வரில் வைத்திருப்பதாகக் கொள்வோம். ராத்திரி முழுக்க அதற்கு வேலையில்லை. அப்போ கரண்ட் மிச்சமாகுமா?

யார் முடிவு செய்வது?

வாடகைக்குக் கிடைப்பது பெரும்பாலும் விர்ச்சுவல் மெஷின். ஒரே இயந்திரத்தில் இப்படிப் பல ஓடும். வேலை தீர்ந்ததும் அது ‘ஹால்ட்’ கட்டளை கொடுக்கும். வழக்கமாக அது ஹைப்பர்வைசர் என்ற மேலாண்மை மென்பொருளிடம் போகும். ப்ராசசரை இன்னொருவருக்குக் கொடுப்பதா, தூங்க வைப்பதா என்பது அந்தப் பக்கத்து முடிவு. சி1 லேசான தூக்கம். சி6 ஆழ்ந்த தூக்கம். ஆழம் கூடினால் மிச்சமும் கூடும், விழிக்கும் நேரமும் கூடும்.

சிக்கல் எங்கே?

அந்தத் தாமதத்தைத் தவிர்க்க, கேவிஎம் ஹைப்பர்வைசர் 200 மைக்ரோ விநாடி வரை தூங்காமல் காத்துப் பார்க்கும். 2019-ல் வந்த லினக்ஸ் 5.4, விர்ச்சுவல் மெஷினுக்குள்ளேயே இப்படிக் காத்திருக்க வழி செய்தது. வேகம் கிடைக்கும்; கரண்டும் செலவாகும்.

ஏன் கவனிக்க வேண்டும்?

2024-ல் உலக மின்நுகர்வில் சுமார் 1.5% டேட்டா சென்டர்களுக்குப் போனது என்கிறது சர்வதேச எரிசக்தி முகமை. 2021-ல் தனிக் கொள்கை வெளியிட்டு அவற்றை வரவேற்கும் தமிழகத்துக்கு இது சின்ன விஷயமல்ல.

கடைக்காரர் என்ன செய்யலாம்?

உள்ளே ‘பவர் சேவிங்’கை மாற்றிப் பெரிய பலனில்லை. நேரக் கணக்கில் வாடகை என்றால், சும்மா இருந்தாலும் பில் ஓடும். ராத்திரி சர்வரையே நிறுத்திவைத்தால், சேமிப்பிடக் கட்டணம் போக மற்றது மிச்சம்.