பால் குடிக்க முடியாத பிள்ளைக்குப் பதில் சொல்வது யார்?

தாய்மொழியைத் தாய்ப்பாலுக்கு ஒப்பிட்டு முழங்காத பேச்சாளர் நம் மேடைகளில் இல்லை. நாமும் முழங்கியிருக்கிறோம். காங்கேசன்துறையிலேயே முழங்கிக் கைதட்டலும் வாங்கியிருக்கிறோம். ஆனால் அந்தப் பால் பிள்ளையின் வாய்க்குப் போய்ச் சேராதபோது தாய் எவரிடம் போவாள், எவர் அவள் வீட்டுப் படலையைத் திறந்து வருவார், வராவிட்டால் எவரைக் கேட்பது என்ற வினாவை ஒரு மேடையிலும் நாம் எழுப்பியதில்லை. அது பெண்கள் பாடு, அறைக்குள் முடியவேண்டிய காரியம் என்று ஒதுங்கிக்கொண்டோம். அந்தத் தவறை ஒப்புக்கொண்டே இதை எழுதுகிறோம்.

காணி விடயமாக நம்மைக் காண வந்த ஒரு மூதாட்டி, உறுதிகளை மேசையில் வைத்துவிட்டு, காணியைப் பற்றிப் பேசாமல் பேரப்பிள்ளையைப் பற்றிப் பேசினார். மீள்குடியேறிய குடும்பம். தலைப்பிள்ளை. சத்திரசிகிச்சைப் பிரசவம். மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். பிள்ளை அழாமல் உறங்கியது. "நல்ல பிள்ளை" என்று வந்தவர்கள் மெச்சினார்கள். தாயின் மார்பு வெடித்து இரத்தம் கசிந்தது. பால் காணாது என்றார் மாமியார். பாற்சுறா வறை ஆக்கிக் கொடுத்தார்கள். ஓமத் தண்ணீர் பருக்கச் சொன்னார் அயல்வீட்டுக்காரி. தகப்பன் கடைக்குப் போய் ஒரு ரின் பால்மா வாங்கி வந்தான். விலையைப் பார்த்து, சொன்ன அளவில் பாதி மாவே கரைத்தார்கள். ஏழாம் நாள் இரவு பிள்ளை துவண்டது. ஓட்டோ பிடித்து ஓடினார்கள். பிறந்தபோது இருந்த நிறையில் பத்திலொன்றுக்கும் மேல் போயிருந்தது.

பிள்ளை பிழைத்தது. பிழைத்தபின் ஒரு தாதி தாயின் அருகே அமர்ந்து, பிள்ளையை எப்படி அணைப்பது, முலைக்காம்பை மட்டுமன்றிச் சுற்றியுள்ள கருவட்டத்தையும் சேர்த்து வாய் நிறையக் கௌவச் செய்வது எப்படி என்று காட்டினாராம். அரை மணி நேரம். அவ்வளவுதான். அதன்பின் பால் காணாது என்ற பேச்சே அவ்வீட்டில் எழவில்லை. முதல் பத்து நாளில் இருமுறை வீட்டுக்கு வந்து பார்க்கவேண்டிய குடும்பநல மாது ஒருமுறையேனும் வந்தாரா என்று கேட்டோம். வரவில்லை. எந்த ஊர், எந்த மருத்துவமனை என்று நாம் எழுதப்போவதில்லை. ஓர் உத்தியோகத்தரைப் பிடித்துக் கொடுப்பதற்காக இதை எழுதவில்லை. அந்த அரை மணி நேரம் ஏழு நாள் முந்தி ஏன் வாய்க்கவில்லை என்பதே நம் வழக்கு.

தோட்டக்காரரான வாசகர்களைக் கேட்கிறோம். ஈன்ற பசுவின் கன்று மடியில் வாய் வைக்காவிட்டால் மூன்று நாள் பார்த்திருப்பீர்களா? அன்று மாலையே மிருக வைத்தியரைத் தேடிப் போவீர்கள். வெங்காயத் தாள் மஞ்சளித்தால் விவசாயப் போதனாசிரியரை வரப்புக்கே அழைத்து வருவீர்கள். பிள்ளை பால் குடிக்காவிட்டால் மட்டும் "போகப் போகச் சரிவரும்" என்பதா?

பால் இல்லை என்று தாய்க்கு எதிராக விசாரணையின்றித் தீர்ப்பு வழங்குவது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. சட்டம் பயின்ற நாம் இத்தீர்ப்பை ஏற்கமாட்டோம். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு உறிஞ்சும் பலம் போதாது. நாவின் அடிநாண் குறுகியிருந்தால் நா நீளாது. அண்ணத்தில் பிளவு இருந்தால் வாய்க்குள் உறிஞ்சுவிசை உண்டாகாது. மஞ்சட்காமாலை முற்றினால் பிள்ளை எழும்பாமல் உறங்கும். இருதயக் குறை உள்ள பிள்ளை குடிக்கும்போதே வியர்த்து இளைத்து விட்டுவிடும். இவற்றுள் எதற்கும் தாய் குற்றவாளியல்லள். எதையும் மாமியாராலோ கடைக்காரராலோ கண்டுபிடிக்கவும் முடியாது. பயின்ற கண் வேண்டும்.

வீட்டார் பார்த்தறியக்கூடியவையும் சில உண்டு. பிறந்த முதல் நாட்களில் நிறை சிறிது குறைவது இயல்பு. பத்திலொன்று குறைந்தால் இயல்பன்று. இரண்டு கிழமைக்குள் பிறந்தபோதிருந்த நிறை திரும்பவேண்டும். ஐந்தாம் நாளுக்குப் பின் ஒரு பகலிரவில் ஆறு தடவையாவது சிறுநீர் போகவேண்டும். எட்டுத் தடவைக்குக் குறையாமல் பால் குடிக்கவேண்டும். குடிக்க எழுப்பியும் எழும்பாத பிள்ளை நல்ல பிள்ளையன்று. வைத்தியரிடம் அந்த மணி நேரத்திலேயே போகவேண்டிய பிள்ளை.

அரசாங்கம் என்ன சொல்கிறது? 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி ஆறு மாதத்திற்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் மட்டுமே அருந்தினர். 2020இல், பாலூட்டும் தாய்மாருக்கு நாடுகள் அளிக்கும் ஆதரவை மதிப்பிட்ட சர்வதேச அமைப்பு 97 நாடுகளுள் இலங்கைக்கு முதலிடம் தந்தது; நூற்றுக்கு 91 புள்ளி. இவற்றை நாம் மறுக்கவில்லை. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும், மழையென்றும் வெயிலென்றும் பாராது சைக்கிளில் திரிந்த குடும்பநல மாதரும் ஈட்டிய புகழ் அது. கொழும்பில் மாலை வாங்கியவர்கள் ஈட்டியதன்று. நாட்டின் சராசரியைக் காட்டி ஒரு கிராமத்தின் பசியை மறைக்கலாமா என்பதே நம் கேள்வி.

காங்கேசன்துறையின் நிலை சராசரி நிலையன்று. 1990 ஆகஸ்டில் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் உலக நாடுகள் கூடி, ஒவ்வொரு தாயும் பாலூட்டத் தக்க ஆதரவைப் பெறவேண்டும் என்று பிரகடனம் செய்தன. அதற்கு இரு மாதம் முன்னர், அதே 1990 ஜூனில், வலிகாமம் வடக்கின் தாய்மார் கைக்குழந்தைகளோடு வீடுகளை விட்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். சீமெந்துத் தொழிற்சாலை நின்றது; இரயில் நின்றது. பின்னர் ஊரே உயர்பாதுகாப்பு வலயமாயிற்று. மக்கள் முகாம்களிலும் வாடகை வீடுகளிலும் கால் நூற்றாண்டு கழித்தார்கள். காணி துண்டுதுண்டாக விடுவிக்கப்பட்டபோது திரும்பியவர் பலர் இளந்தம்பதியர். பேற்றுக்குக் காயச் சரக்கு அரைத்துத் தர ஆச்சி அடுத்த வீட்டில் இல்லை. அவர் கனடாவில் இருக்கிறார், அல்லது முகாமிலேயே கண்ணை மூடிவிட்டார். மற்ற ஊரில் அயல் செய்யும் உதவியை இங்கே அரசாங்கம் இரட்டிப்பாகச் செய்திருக்கவேண்டும்.

செய்தது என்ன? மக்கள் அகதிகளாக இருந்த காலத்திலேயே அவர்களுடைய கடற்கரையில் ஜனாதிபதிக்கென ஒரு மாளிகை எழும்பியது. இராணுவம் 'தல்செவன' என்று பெயர்சூட்டி உல்லாச விடுதி நடத்தியது. 2015 ஜனவரியில் இரயில் வந்தது. 2019இல் பலாலிக்குச் சர்வதேச விமானம் வந்தது. 2023 அக்டோபரில் நாகபட்டினத்திலிருந்து கப்பல் வந்தது. வரட்டும், மகிழ்ச்சியே. பயணிக்குக் குடிநுழைவு மேசை போட முடிந்த ஊரில், பச்சைப் பிள்ளைக்காரிக்கு ஒரு நிறை பார்க்கும் தராசும், ஒரு கதிரையும், பாலூட்டத் தெரிந்த ஒரு கையும் வைக்க இடமில்லையா? யாழ்ப்பாணம் போதனா மருத்துவமனை பதினெட்டுக் கிலோமீற்றருக்கு அப்பால். வயிற்றில் தையலோடு ஒரு பெண் பேருந்து ஏறிப் போய்த் திரும்பும் தூரமா அது?

இந்தத் தொகுதி காத்திருக்கப் பழகிய தொகுதி. தந்தை செல்வா 1972 அக்டோபரில் பதவி துறந்தார். இடைத்தேர்தல் 1975 பெப்ரவரியில்தான் நடந்தது. இரண்டு வருடமும் நான்கு மாதமும் வாக்குக்காகக் காத்திருந்தோம். பிறகு வீட்டுக்காகக் காத்திருந்தோம். பால் குடியாத பிள்ளை அப்படிக் காத்திராது. அதற்குக் கிடைத்த தவணை இரண்டு மூன்று நாள்.

பொறுப்பு யாருடையது? 13ஆம் திருத்தத்தின் ஒன்பதாம் அட்டவணை, போதனா மருத்துவமனைகளும் விசேட மருத்துவமனைகளும் நீங்கலாக, பொது மருத்துவமனைகளையும் மகப்பேற்று மனைகளையும் மாகாணத்திடம் ஒப்படைக்கிறது. வட மாகாண சபை 2013இல் தெரிவாகி 2018 அக்டோபரில் காலாவதியாயிற்று. அதன்பின் ஆண்டுகள் பல தேர்தலின்றிக் கழிந்தன. எழுந்து நின்று "எங்கள் பிரிவின் குடும்பநல மாது எங்கே?" என்று கேட்க ஓர் உறுப்பினர் இல்லை, பதில் சொல்ல ஓர் அமைச்சர் இல்லை. ஆளுநரோ கொழும்பின் நியமனம். தாய்ப்பாலும் அரசியலா என்று சிரிப்போர் இந்த இடத்தில் சிரிப்பை நிறுத்தட்டும். சபை இருந்த ஐந்து ஆண்டில் நம்மவர் இதைக் கேட்டார்களா என்று திருப்பிக் கேட்பவருக்கு நம்மிடம் பதில் இல்லை. தீர்மானங்கள் நிறைவேற்றினோம்.

ரின் பாலைப் பற்றியும் ஒரு வார்த்தை. மலாயாவில் உத்தியோகம் பார்த்த நம் முன்னோர் அறிந்திருப்பர்: 1939இல் சிங்கப்பூரில் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் வைத்தியர், பிள்ளைகளுக்கு ரின் பாலைப் பரிந்துரைப்பது கொலைக்கு ஒப்பாகும் என்று ரோட்டரிக் கழகத்தில் முகத்துக்கு நேரே பேசினார். 1981 மேயில் உலகச் சுகாதாரப் பேரவை பால்மா விற்பனைக்கு விதிக்கோவை வகுத்தபோது 118 நாடுகள் ஆதரித்தன. எதிர்த்தது ஐக்கிய அமெரிக்கா ஒன்றே. இலங்கை 1983இலேயே தன் கோவையை இயற்றி 2002இல் திருத்தியது. விளம்பரமும் இலவச மாதிரியும் கூடாது. சட்டம் நல்ல சட்டமே. பால்மா சில பிள்ளைகளுக்கு மருந்துபோல் அவசியமாகலாம். அதை வைத்தியர் சொல்லவேண்டும், அளவும் சொல்லவேண்டும். உதவிக்கு ஆள் வராத வீட்டிலோ, விளம்பரமே இல்லாமல் ரின் தானே விலைபோகிறது.

இன்னொன்றை நம் வாசகர்களின் முகம் சுளித்தாலும் சொல்லவேண்டும். 2018இன் திருத்தங்கள் வேலைசெய்யும் தாய்க்கு ஒவ்வொரு பேற்றுக்கும் 84 நாள் விடுப்புத் தந்தன. ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்ட வேலை நாளில் இரு இடைவேளையும் சட்டத்தில் உண்டு. பிள்ளை காப்பிடம் இருந்தால் அரை மணி, இல்லாவிட்டால் ஒரு மணி வீதம். நம் வெங்காயத் தோட்டத்தில் நாட்கூலிக்குப் புல்லுப் பிடுங்கும் தாய்க்கு எத்தனை இடைவேளை கொடுக்கிறோம்? நம் சட்ட அலுவலகத்தில் தட்டச்சு செய்யும் பெண்ணுக்கு? அரசாங்கத்தைக் கேட்கும் வாயால் இதற்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம்.

இந்த மண்ணுக்கு இவ்வித்தை அந்நியமன்று. மானிப்பாயில் கிறீன் வைத்தியர் 'பிரசவ வைத்தியம்' என்ற நூலைத் தமிழில் வெளியிட்டது 1857இல். பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென இணுவிலில் மக்லியோட் மருத்துவமனை எழுந்தது 1898இல். ஏட்டிலும் கட்டிடத்திலும் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன் தொடங்கிய காரியத்தைக் காங்கேசன்துறையின் ஒரு வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகத் தெரியாதவர்களாய் இருக்கிறோம்.

சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 1991இல் ஏற்றது. அதன் 24ஆம் உறுப்புரை தாய்ப்பாலூட்டலைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. நம் அரசியலமைப்பிலோ சுகாதாரம் வழக்காடத்தக்க உரிமையாக எழுதப்படவில்லை. ஆகவே கையிலிருக்கும் ஆயுதத்தை எடுக்கிறோம். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மூன்று கேள்விகளை வரைந்திருக்கிறோம். வலிகாமம் வடக்கின் ஒவ்வொரு பிரிவுக்கும் குடும்பநல மாது நியமிக்கப்பட்டிருக்கிறாரா, எந்தப் பிரிவை எவர் மேலதிகமாகச் சுமக்கிறார்? கடந்த பன்னிரண்டு மாதத்தில் பிறந்த பிள்ளைகளில் எத்தனை பேர் முதல் பத்து நாளில் இருமுறை பார்வையிடப்பட்டனர்? பால் குடியாத பிள்ளையோடு இரவில் வரும் தாயைப் பார்க்க, பாலூட்டல் முகாமைத்துவம் பயின்றவர் எந்த மருத்துவமனையில், எந்த நேரம்வரை இருக்கிறார்?

பதினான்கு வேலை நாளுக்குள் தீர்மானம் தரவேண்டும் என்பது சட்டம். விண்ணப்பத்தில் கையொப்பமிட அந்த மூதாட்டி முதல் ஆளாக வந்துவிட்டார். கிடைக்கும் பதிலை, கிடைக்காவிட்டால் கிடைக்காத செய்தியை, இதே பக்கத்தில் அச்சிடுவோம்.