முப்பத்தேழு வயதில் நேர்ஸாக ஏன் ஏலாது?

எங்களில் ஒருத்தியின் சித்திக்கு இப்போது முப்பத்தேழு வயது. யாழ்ப்பாணத்தில் ஒரு வீட்டில் தங்கி நின்று, எண்பது தாண்டிய ஒரு அம்மாவைப் பார்க்கிறா. அந்த அம்மாவின் பிள்ளைகள் எல்லாரும் கனடாவில். விடிய எழும்பிச் சுகர் பார்ப்பது, இன்சுலின் போடுவது, குளிக்க வார்ப்பது, படுக்கைப் புண்ணுக்கு மருந்து கட்டுவது, இரவில் மூன்று தரம் எழும்பி மறுபக்கம் திருப்பிப் படுக்க வைப்பது எல்லாம் சித்திதான். இவ்வளவும் செய்கிறவவுக்கு ஊர் வைத்திருக்கிற பெயர் ‘வீட்டில நிக்கிற பிள்ளை.’

போன வருஷம் ஒரு இரவு அந்த அம்மாவுக்கு உடம்பெல்லாம் வியர்த்து, பேச்சுக் குழறத் தொடங்கிவிட்டது. சித்தி சுகர் பார்த்து, சீனித் தண்ணி பருக்கி, ஓட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினா. அம்மா தப்பிவிட்டா. பிள்ளைகள் கனடாவில் இருந்து எடுத்து நன்றி சொன்னார்கள். சித்தி எங்களிடம் சொன்னது வேறு: “அண்டைக்குப் பின்னேரம் அவ சரியாச் சாப்பிடேல்லை. சாப்பாடு குறைஞ்சா ஊசியைப் பற்றி டொக்டரிட்டக் கேக்கோணும் எண்டு எனக்கு ஆரும் சொல்லித் தரேல்லை. நான் வழமை போலப் போட்டிட்டன்.”

இந்தக் கடைசி வசனத்துக்காகத்தான் இதை எழுதுகிறோம். சித்தி ஒரு தாதியின் வேலையைச் செய்கிறா. தாதிக்குரிய படிப்பு அவவுக்குக் கிடைக்கவில்லை. படிக்க விருப்பம் இல்லாமல் இல்லை. முப்பத்து மூன்று வயதில் விண்ணப்பிக்கப் போனவ. வர்த்தமானியில் வயதெல்லை என்ற வரியை வாசித்துவிட்டுத் திரும்பி வந்தா.

அரசாங்கத் தாதியர் கல்லூரிகளில் மூன்று வருஷப் பயிற்சி. காசு கட்டத் தேவையில்லை, படிக்கும் காலத்தில் கொடுப்பனவும் உண்டு. யாழ்ப்பாணத்தில் ஒரு கல்லூரி, வவுனியாவில் ஒன்று, மட்டக்களப்பில் ஒன்று. இந்த நாட்டில் ஒரு ஏழை வீட்டுப் பிள்ளை கடன்படாமல் ஒரு தொழிலுக்குள் போகக்கூடிய அருமையான வழிகளில் இது ஒன்று. அதை நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கதவு பதினெட்டு வயதில் திறந்து இருபதுகளோடு மூடிவிடுகிறது. அதற்குள்ளும் உயர்தரத்தில் விஞ்ஞானப் பாடங்கள் சித்தியடைந்திருக்க வேண்டும்.

வயது, பாடம் என்ற இந்த இரண்டு நிபந்தனைகளும் பார்க்கிறபோது நியாயமாகத்தான் தெரியும். எல்லாருக்கும் ஒரே அளவுகோல் என்று தோன்றும். ஆனால் அந்த அளவுகோலை வன்னியில் வைத்து அளந்து பாருங்கள்.

சித்தி உயர்தரப் பரீட்சை எழுத வேண்டிய வருஷம் 2008. கிளிநொச்சியில் இருந்து சனம் சட்டி பானையோடு கிழக்கே போன வருஷம் அது. அடுத்த வருஷம் ஓகஸ்டில் மெனிக் பாம் முகாமுக்குள்ளேயே உயர்தரப் பரீட்சை நடந்தது. எழுதின பிள்ளைகளும் இருந்தார்கள். சித்தி எழுதவில்லை. தாய்க்குக் காலில் ஷெல் காயம், பார்க்க வேறு ஆள் இல்லை. அந்தக் காயத்துக்கு மருந்து கட்டித்தான் இந்த வேலையையே முதன்முதலில் பழகினா. மீள்குடியேறின பிறகு கிட்ட இருந்தது 1C பாடசாலை. அதாவது கலையும் வர்த்தகமும் மட்டும். விஞ்ஞானம் படிக்க வேண்டுமென்றால் 1AB பாடசாலைக்குப் போக வேண்டும், அது பஸ் ஏறிப் போகிற தூரம், பஸ்ஸும் ஒழுங்காக இல்லை. அவ கலைப்பிரிவு எடுத்தது விருப்பத்தால் இல்லை. அந்த ஊரில் வேறு பிரிவே இருக்கவில்லை. எழுதிப் பாஸ் பண்ணினா. பிறகு கார்மென்ட்ஸ், ஒரு துணிக்கடை, இப்போது இந்த வீடு.

வர்த்தமானி அவவிடம் கேட்கிறது: இருபதுகளில் ஏன் வரவில்லை? உயிரியல் ஏன் படிக்கவில்லை?

இதை என்னவென்று சொல்வது? யுத்தம் எடுத்த வருஷங்களை அந்த ஆளின்ர குறையாகக் கணக்கெழுதுகிற வேலை இது. வயதெல்லையை எழுதினவர்கள் கெட்ட எண்ணத்தோடு எழுதினார்கள் என்று நாங்கள் சொல்லவில்லை. யாரையும் மனதில் வைக்காமல் எழுதியிருக்கிறார்கள் என்கிறோம். அதனால் வாழ்க்கை நேர்கோட்டில் போன ஆக்களுக்கு மட்டுமே அது பொருந்துகிறது. பதின்மத்தில் கலியாணம் கட்டிக் கொடுக்கப்பட்டவள், புருஷனை இழந்து பிள்ளைகளை வளர்த்து முடித்தவள், தோட்டத்து லயத்தில் இருந்து கொழும்புக் கடைக்கு வேலைக்கு வந்தவன் எல்லாரும் அந்தக் கோட்டுக்கு வெளியேதான்.

இதைப் பற்றிக் கதைத்தால் எங்களுக்கு நாலு பதில்கள் வருகின்றன. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலாவது, “அந்த வயசில உடம்பு தாங்காது, நைட் டியூட்டி ஏலாது.” இருபத்திரண்டில் சேர்ந்த நேர்ஸ் நாற்பத்தைந்திலும் நைட் டியூட்டி செய்கிறா. யாரும் அவவை வயது போச்சு என்று வீட்டுக்கு அனுப்பவில்லை. நாற்பத்தைந்து வயது உடம்பு வேலை செய்ய ஏலுமென்றால், முப்பத்தேழு வயது உடம்பு படிக்க ஏன் ஏலாது?

இரண்டாவது, “படிப்பு ஏறாது.” இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1994 முதல் தாதியர் பட்டப்படிப்பை நடத்துகிறது. அதில் படிக்கிறவர்கள் ஏற்கெனவே வேலையில் இருக்கிற தாதியர். பகலில் வாட்டு, இரவில் பிள்ளையின் வீட்டுப்பாடம், அதற்குப் பிறகு தன்னுடைய புத்தகம் என்று படித்து முடிக்கிறார்கள். முப்பதும் நாற்பதும் தாண்டிய மூளையில் படிப்பு ஏறும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

மூன்றாவது, “அரசாங்கம் செலவழிச்சுப் படிப்பிச்சா, அவை எத்தினை வருஷம் வேலை செய்வினம்?” இது ஒன்றுதான் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டிய கேள்வி. போடுவோம். அரச ஊழியர் ஓய்வு பெறுகிற வயது 60. முப்பத்தேழில் பயிற்சிக்குப் போகிறவர் நாற்பதில் முடிப்பார். இருபது வருஷம் வேலை செய்வார். நாற்பத்தைந்தில் போகிறவர்கூட நாற்பத்தெட்டில் முடித்துப் பன்னிரண்டு வருஷம் வேலை செய்வார். மூன்று வருஷச் செலவுக்குப் பன்னிரண்டு வருஷ உழைப்பு நட்டமா? 2022இல் நாடு வங்குரோத்து ஆனபோது, அரச ஊழியர்கள் சம்பளமில்லா லீவில் ஐந்து வருஷம் வரை வெளிநாடு போகலாம் என்று அரசே சுற்றறிக்கை விட்டது. இளம் நேர்ஸ்மார் போனார்கள். அவர்களை நாங்கள் குறை சொல்லவில்லை, அந்தச் சம்பளத்தில் யார்தான் இருப்பார்? ஆனால் இருபத்தைந்து வயதுக்காரர் இருப்பார், நாற்பது வயதுக்காரர் வீண் என்ற கணக்கு அந்த வருஷத்தோடு பிழைத்துவிட்டது. பிள்ளைகளின் பள்ளிக்கூடம், காணித்துண்டு, வயதான தாய் என்று ஊரோடு கட்டுப்பட்டவர்தான் ஊரில் நிற்பதற்குக் கூடச் சாத்தியம்.

நாலாவது பதில் எங்கள் வயது ஆக்களிடம் இருந்தே வருவது. “எங்களுக்கே வேலை இல்லை. அவையும் வந்தா எங்கட இடம் போகாதா?” கலைப்பீடத்தில் இருக்கிற எங்களுக்கு இந்தப் பயம் நல்லாகவே விளங்கும். 2017இல் வேலையற்ற பட்டதாரிகள் வடக்கிலும் கிழக்கிலும் மாதக்கணக்காக வீதியோரம் பந்தல் போட்டு இருந்தார்கள். எங்கட கம்பஸ் அக்காமார், அண்ணாமார். பிறகு அரசாங்கம் பட்டதாரிகளை அபிவிருத்தி உத்தியோகத்தர்களாக எடுத்தது. இன்றைக்குப் பிரதேச செயலகங்களுக்குப் போய்ப் பாருங்கள். செய்வதற்கு உருப்படியான வேலை இல்லாமல், சில இடங்களில் இருக்கக் கதிரையும் இல்லாமல், கையெழுத்துப் போட்டுவிட்டு இருக்கிறவர்களைக் காணலாம். றோட்டைக் கடந்தால் ஆஸ்பத்திரி. அங்கே ஒரு நேர்ஸ் ஒரு முழு வாட்டையும் தனிய இழுத்துக்கொண்டு நிற்கிறா. அந்த உத்தியோகத்தர்களில் ஒருவருக்கு முப்பத்தைந்தில் ‘நான் அங்க போறன்’ என்று தோன்றினால், போவதற்கு வழி இல்லை. ஆக, இது மூத்தவர்களுக்கும் இளையவர்களுக்கும் இடையிலான சண்டை இல்லை. இன்னும் பதினைந்து வருஷத்தில் அந்தக் கதிரையில்லாத ஆள் நாங்கள்தான். இருபது வயதில் எடுத்த ஒரு முடிவு சாகும்வரை மாறக்கூடாது என்ற சட்டம் எங்களுக்கு எதிரானதும்தான்.

இந்த வயதெல்லையின் பெரிய பகிடி ஒன்று இருக்கிறது. புளோரன்ஸ் நைற்றிங்கேலின் பிறந்த நாளான மே 12ஐத்தான் உலகமே தாதியர் தினமாகக் கொண்டாடுகிறது. விளக்கேற்றிச் சத்தியப்பிரமாணம் எடுப்பதும் அவரின் நினைவாகத்தான். அவர் பிறந்தது 1820இல். ஜேர்மனியின் கைசர்ஸ்வேர்த்தில் பயிற்சிக்குப் போனது 1851இல், முப்பத்தொரு வயதில். லண்டனில் தாதியர் பாடசாலையைத் தொடங்கியபோது நாற்பது. அதே கிரிமியப் போருக்குத் தன் சொந்த முயற்சியில் போன ஜமேய்க்காக்காரி மேரி சீக்கோலுக்கு ஐம்பதை எட்டுகிற வயது. இரண்டு பேரும் இன்றைக்கு எங்கட வர்த்தமானியைப் பார்த்து விண்ணப்பித்தால், கடிதத்தைப் பிரிக்காமலே ஒதுக்கிவிடலாம்.

பகிடியை விடுவோம், இதன் கசப்பான பக்கம் வேறு. சித்தியை இங்கே நோயாளியைத் தொடவிடாத இதே நாடு, அவவை வெளிநாட்டுக்கு அனுப்புவதற்கு மட்டும் வயதைப் பெரிதாகப் பார்ப்பதில்லை. தொழிற்பயிற்சி நிலையங்களில் பராமரிப்பாளர் பாடநெறி இருக்கிறது, என்.வி.கியூ சான்றிதழ் இருக்கிறது. இஸ்ரேலுக்குப் போகலாம். 2019 ஒப்பந்தத்துக்குப் பிறகு பாஷை படித்து, சோதனை பாஸ் பண்ணினால் ஜப்பானுக்கும் போகலாம். அங்கே ஒரு கிழவரைத் தூக்கிக் குளிப்பாட்டி அனுப்புகிற டொலர் இனிக்கிறது. கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் அதே கையால் ஒரு கிழவரைத் தூக்கினால் வயது கூடிவிட்டதாம்.

வெளியே எப்படிச் செய்கிறார்கள்? அமெரிக்காவில் வேறு பாடத்தில் பட்டம் பெற்றவர்கள் தாதியர் பட்டத்தை 12 முதல் 18 மாதங்களில் முடிக்கிற வழி இருக்கிறது. பிரித்தானியாவில் பதிவு பெற 4,600 மணித்தியாலப் பயிற்சி வேண்டும், மேல் வயதெல்லை இல்லை. ஜேர்மனியில் மூன்று வருஷம் சம்பளத்தோடு படிக்கலாம். அங்கே போன எங்கட ஆக்களில் ரெஸ்ரோரன்டில் கோப்பை கழுவிவிட்டு நாற்பதில் தாதியப் படிப்புக்குப் போனவர்கள் இருக்கிறார்கள். அந்த நாடுகள் எல்லாம் நல்ல மனதால் செய்யவில்லை, ஆள் தட்டுப்பாட்டால் செய்கின்றன. எங்களுக்கும் ஆள் தட்டுப்பாடுதான். 2012 சனத்தொகைக் கணக்கெடுப்பிலேயே 60 வயது தாண்டியவர்கள் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர். இப்போது இன்னும் கூடிவிட்டது. பிள்ளைகள் வெளிநாட்டில், பெற்றார் பெரிய வீட்டில் தனிய என்ற கதை எங்கட ஒழுங்கைகளில் வீட்டுக்கு வீடு இருக்கிறது. இவர்களை யார் பார்க்கப்போகிறார்கள்?

இந்த வெற்றிடத்தில் காசு பார்க்கிறவர்களும் இருக்கிறார்கள். சித்தி ஒரு தனியார் நிலையத்தில் காசு கட்டி ஆறு மாதம் ‘நேர்சிங்’ படித்தா. வெள்ளை உடுப்பு, போட்டோ, தங்க எழுத்தில் ஒரு சான்றிதழ். முடிந்த பிறகுதான் அந்தச் சான்றிதழை வைத்துத் தாதியர் சபையில் பதிய ஏலாது என்று தெரிந்தது. சேரும்போது யாரும் பொய் சொல்லவில்லை. யாரும் உண்மையைச் சொல்லவும் இல்லை. சரியான கதவு மூடியிருக்கும்வரை இப்படியான கதவுகள் திறந்துகொண்டுதான் இருக்கும்.

நாங்கள் கேட்பது சித்திமாருக்கு இரக்கம் இல்லை. ‘அன்பே உருவான தாதி’ என்ற புகழ்ச்சியும் வேண்டாம். அந்தப் புகழ்ச்சியைச் சொல்லித்தான் இந்த வேலைக்குக் குறைந்த சம்பளம் கொடுத்துப் பழகியிருக்கிறோம். தாயைப் பார்த்த அனுபவம் இருந்தால் படிப்புத் தேவையில்லை என்றும் சொல்லவில்லை. சித்தியின் அந்த இன்சுலின் இரவு இதைத்தான் எங்களுக்குச் சொன்னது: அன்பு இருந்தும் படிப்பு இல்லாவிட்டால் உயிர் போகலாம். வயதெல்லையால் வெளியே நிற்கிறவர்கள் இந்த வேலையைச் செய்யாமல் விடுவதில்லை. படிக்காமல் செய்கிறார்கள். அதில் ஆபத்து அவர்களுக்கில்லை, கட்டிலில் கிடக்கிறவருக்கு.

ஆகவே மூன்று விஷயங்கள். பயிற்சிக்குச் சேருகிற வயதை ஓய்வு வயதில் இருந்து பின்னோக்கி எண்ணித் தீர்மானியுங்கள். பத்து வருஷத்துக்குக் குறையாமல் வேலை செய்ய முடிந்தவருக்குக் கதவைத் திறவுங்கள். கலை, வர்த்தகப் பிரிவில் படித்தவர்களுக்கு உயிரியலும் இரசாயனமும் படிப்பிக்கிற ஒரு வருஷ அடிப்படை வகுப்பைத் தமிழில் தாருங்கள், முடிவில் கடுமையான சோதனை வையுங்கள். பாஸ் பண்ணாதவர்கள் போகட்டும். மூன்றாவது, ஆஸ்பத்திரிகளில் வருஷக்கணக்காகத் தொண்டர்களாகவும் சிற்றூழியர்களாகவும் நின்றவர்களின் அனுபவத்துக்கு ஒரு பெறுமதி கொடுங்கள். நிரந்தர நியமனம் கேட்டு அவர்கள் வீதியில் இருந்ததை நாங்கள் கண்டிருக்கிறோம். அவர்களில் படிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு படி வேண்டும்.

வாசிக்கிற உங்களிடமும் ஒன்று. உங்கட வீட்டில் ஒரு மாமியோ அக்காவோ ‘நான் நேர்ஸாகப் படிக்கலாமோ’ என்று கேட்டால், ‘உந்த வயசில என்னத்துக்கு’ என்று சிரிக்காதேங்கோ. அந்தச் சிரிப்பும் ஒரு வயதெல்லைதான், அதை மாற்ற அமைச்சரவைத் தீர்மானம் தேவையில்லை. அடுத்த தடவை தாதியர் பயிற்சிக்கு ஆள் எடுக்கிற வர்த்தமானி வரும்போது, நீங்கள் விண்ணப்பிக்காவிட்டாலும் எடுத்து வாசியுங்கள். வயது என்ற வரியில் உங்கட வீட்டில் யார் யார் வெளியே நிற்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள்.