கண்டியின் இரவு யாருக்கானது?

அம்பிட்டியவிலிருந்து கண்டி நகருக்கு இறங்கும் வெளிநாட்டவர்களிடம் நான் சொல்வது இவ்வளவுதான்: கொத்துரொட்டி சாப்பிடுங்கள், தலதா மாளிகைக்குத் தோளும் முழங்காலும் மறைத்துச் செல்லுங்கள், போயா தினத்தில் மதுக்கடைகள் மூடியிருக்கும், ஊர் நேரத்தோடு அடங்கிவிடும்.

புனித நகரம் என்பதால் அடங்குகிறது என்பார்கள். எமது இரவைச் சுருக்கியது அச்சம். 1983 ஜூலை வன்செயல். 1998 ஜனவரியில் மாளிகைமீதான குண்டுத் தாக்குதலுக்குப் பின் வந்த சோதனைகள். 2018 மார்ச்சில் திகன வன்முறையும் ஊரடங்கும் முஸ்லிம்களின் இரவைப் பறித்தன. கொத்துக்கடைக்குப் போகவும் அடையாள அட்டை தேடிய காலம் அது.

எசல பெரஹராவில் கதிர்காமத் தேவாலயமும் பத்தினித் தேவாலயமும் ஊர்வலம் வருகின்றன. முருகனும் கண்ணகியும் உலாவரும் அதே வீதியில் அவர்களை வணங்குவோரும் அச்சமின்றி நடக்க வேண்டும். சுற்றுலா வளர்ச்சியை நான் அதைக்கொண்டே அளப்பேன்.